நாற்காலி விளையாட்டை நிறுத்துங்கள், கூடுவதை நிறுத்தாதீர்கள்

பெங்களூரு கனகபுரா சாலையில் உள்ள ஒரு முதியோர் குடியிருப்பிலிருந்து 72 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவர். கல்யாணமாகி வந்து மல்லேஸ்வரத்தில் 40 வருடம் குடித்தனம் செய்தவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருக்கிறார். கணவருக்கு 78 வயது, நான்கு வருடமாகப் பார்க்கின்சன் நோய். ஒரே மகன் வெளிநாட்டில். மூன்று வருடத்துக்கு முன்னால் வீட்டை விற்றுவிட்டு இங்கே குடிவந்திருக்கிறார்கள். "வந்த புதிதில் தினமும் கல்யாண வீடு மாதிரி இருக்கும் டாக்டர்" என்கிறார். காலையில் யோகா, சாயங்காலம் பஜனை, சனிக்கிழமை தம்போலா. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, வங்காளம் பேசும் சுமார் 90 பேர் ஒரே ஹாலில் கூடியிருக்கிறார்கள்.

போன பொங்கலன்று மியூசிக்கல் சேர் வைத்தார்களாம். 79 வயது மாமி ஒருவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து, வாக்கர் பிடித்து நடக்கிறார். ஆனால் அறையை விட்டு வெளியே வருவதில்லை. அன்றோடு நிர்வாகம் எல்லாக் கூட்டு நிகழ்ச்சிகளையும் நிறுத்திவிட்டது. "எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு படிவத்தில் எல்லாரிடமும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டது. ஹாலில் இப்போது டிவி மட்டும் ஓடுகிறது. மகனோ, "எதுக்கும்மா வம்பு, பேசாம ரூம்ல இருங்க, காலையில ரெண்டு ரவுண்டு நடந்தாப் போதும்" என்கிறார்.

75 வயதுக்கு மேல் கூட்டு விளையாட்டே ஆபத்தா, நடைப்பயிற்சி மட்டும் போதாதா, ஆபத்தில்லாமல் என்னென்ன செய்யலாம், ஞாபக மறதி உள்ள மூன்று பேரைத் தனியே பிரிக்கச் சொல்கிறார்களே சரியா, கையெழுத்துப் போட்டபின் நிர்வாகத்தைக் கேட்க உரிமை உண்டா, கை நடுங்குகிறது என்று கூச்சப்படும் கணவரை எப்படி அழைத்துவருவது. இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள அம்மா,

கேள்விகளுக்கெல்லாம் எண் போட்டிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் ஓரமாக, பொடி எழுத்தில், எண் போடாமல் ஒரு வரி இருக்கிறது: "வரமாட்டேன் என்ற மாமியை நான்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன்." நான் அதிலிருந்து தொடங்குகிறேன்.

நீங்கள் அழைத்ததால் மாமி விழவில்லை. நடந்ததை நீங்களே துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள். பாட்டு நின்றது, எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள், மாமி பின்புறமாக உட்காரப் போனார், கைப்பிடியில்லாத பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கிப் பின்னால் போயிற்று. சட்டென்று திரும்புவது, பார்க்காமல் பின்பக்கம் உட்காருவது, அவசரம், பக்கத்தில் இருப்பவர் தோள் இடிப்பது என்று முதுமையில் விழவைக்கும் அத்தனையும் அந்த ஒரு விளையாட்டில் இருக்கின்றன. 60 வயது தாண்டியவர்கள் கூடும் எந்த இடத்திலும் அதை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கண்ணைக் கட்டிக்கொண்டு உறியடிப்பது, சாக்குக்குள் கால்விட்டு ஓடுவது, கயிறு இழுப்பது ஆகியவற்றையும் அதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். விளையாட்டைத் தேர்ந்தெடுத்தவர்களும் நாற்காலியைத் தேர்ந்தெடுத்தவர்களும் யோசித்திருக்க வேண்டும். நீங்கள் பக்கத்து வீட்டு மாமியைப் பண்டிகைக்கு அழைத்தீர்கள், அவ்வளவுதான். இந்த வாரமே அவர் அறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இரண்டு பேருக்கும் அது தேவைப்படுகிறது.

சும்மா இருந்தால் விழமாட்டோமா?

உங்கள் மகனும் நிர்வாகமும் ஒரே நம்பிக்கையில்தான் பேசுகிறார்கள்: அசையாமல் இருந்தால் ஆபத்தில்லை. பாசத்தாலும் பயத்தாலும் சொல்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. அமெரிக்காவில் ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. அந்தப் பத்து நாளில் அவர்கள் கால்களில், கொழுப்பு நீங்கலாக, ஏறக்குறைய ஒரு கிலோ சதை குறைந்திருந்தது. உங்கள் ஹாலில் நிகழ்ச்சிகள் நின்றுகிடப்பது பத்து நாளாக இல்லை, பல மாதமாக. அறைக்குள்ளேயே இருக்கும் ஒவ்வொருவரின் தொடையும் சன்னமாக இளைத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த தடவை ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்கும்போதுதான் அது தெரியவரும்.

விழுவதைத் தடுப்பது பற்றி நடந்த 108 ஆய்வுகளை 2019-இல் காக்ரேன் அமைப்பு ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. 23,000-க்கும் மேற்பட்ட முதியவர்கள் அவற்றில் பங்கெடுத்திருந்தார்கள். உடற்பயிற்சி செய்தவர்கள் விழுவது 23 சதவீதம் குறைந்திருந்தது. எந்தப் பயிற்சி என்பதுதான் இங்கே முக்கியம். சமநிலைக்கான பயிற்சியும், உட்கார்ந்து எழுவது போன்ற அன்றாட அசைவுகளின் பயிற்சியும்தான் நன்றாகப் பலன் தந்தன. தாய் சி என்ற மெதுவான சீனப் பயிற்சியும் உதவியது. வெறும் நடைப்பயிற்சி விழுவதைக் குறைக்கிறது என்பதற்கு அந்தத் தொகுப்பில் உறுதியான சான்று கிடைக்கவில்லை.

ஆகவே உங்கள் மகன் சொல்லும் இரண்டு ரவுண்டு நடை நல்லதுதான், விடாதீர்கள். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் அது வேண்டும். ஆனால் தடுக்கும்போது உடம்பு தன்னைப் பிடித்து நிறுத்திக்கொள்வது வேறு ஒரு திறமை. அதைத் தனியாகப் பழக வேண்டும். 65 வயது தாண்டியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும், அதோடு வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. 75-உடன் நிறுத்திவிடுங்கள் என்று அதில் எங்கும் இல்லை. மிதமான உழைப்பு எது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். செய்யும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேச்சே திணறினால் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

என்னென்ன செய்யலாம்

முதலில் சாதாரணமாகத் தோன்றும் ஒன்று: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது. 30 வினாடியில் எத்தனை தடவை முடிகிறது என்று பிசியோதெரபிஸ்டை வைத்து எண்ணச் சொல்லுங்கள். 70 முதல் 79 வயதுப் பெண்களுக்கு 10 தடவைக்குக் குறைந்தால் விழும் ஆபத்து கூடுதல். ஆண்களுக்கு 70 முதல் 74 வரை 12, 75 முதல் 79 வரை 11 என்று கணக்கு. இதைப் போட்டியாக்க வேண்டாம். அவரவர் எண்ணை அவரவர் நோட்டில் குறித்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். 7 என்று எழுதியவர் 10 என்று எழுதும் நாளில் அவர் முகத்தைப் பாருங்கள். என் நோயாளிகளிடம் அதை நிறையப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது அலுப்பதே இல்லை.

அடுத்தது, உட்கார்ந்தபடியே கும்மி. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, கும்மிப் பாட்டுக்குக் கைகொட்டி, பக்கத்தில் இருப்பவர் கையிலும் தட்டி, பாதத்தால் தாளம் போடுவது. குதிகாலைத் தூக்கி இறக்குவது, முழங்காலை உயர்த்துவது, இடுப்பை மெதுவாகப் பக்கவாட்டில் திருப்புவது என்று ஒவ்வொரு அடிக்கும் ஓர் அசைவைச் சேர்த்தால் 20 நிமிடத்தில் நல்ல பயிற்சி. தெலுங்கு அம்மாக்களுக்குப் பதுகம்மா இருக்கிறது, குஜராத்திகள் இருந்தால் தாண்டியா இருக்கிறது. வாரம் ஒரு மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலாட்டமும் உட்கார்ந்து ஆடலாம். இலகுவான குச்சியாக இருக்கட்டும், நாற்காலிகளுக்கு நடுவே ஒரு கை நீளம் இடம் விடுங்கள். கொஞ்சம் பலமுள்ளவர்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று செய்யட்டும். உண்மையில் சமநிலை வளர்வது நிற்கும்போதுதான். அதனால் எல்லாரையும் எப்போதும் உட்காரவைத்தே முடித்துவிடாதீர்கள்.

பலூன் பந்தாட்டம் எந்தக் குடியிருப்பில் வைத்தாலும் சிரிப்புச் சத்தம் கேட்கும். நடுவே ஒரு புடவையைக் குறுக்கே கட்டி, இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு, பலூனைத் தட்டி அனுப்புவது. பலூன் மெதுவாக இறங்குவதால் கண்ணுக்கும் கைக்கும் நேரம் கிடைக்கிறது, பட்டாலும் வலிக்காது. எழுந்திருக்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதி. கீழே விழுந்த பலூனைக் குனிந்து எடுக்க ஓர் உதவியாளர் இருக்க வேண்டும்.

பெங்களூருவில் மார்கழி, தை என்றால் மொச்சைக் காலம். சந்தையெங்கும் அவரேகாய் என்று குவித்திருப்பார்களே, அதில் பத்து கிலோ வாங்கிவரச் சொல்லுங்கள். ஒரு நாள் உரிப்பது, ராத்திரி ஊறவைத்து மறுநாள் தோல் பிதுக்குவது. விரல் நுனிகளுக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் எழுதித்தர முடியாது. பேச்சு தானாக வரும். கன்னடக்காரர்கள் ஹிதுகவரே என்பார்கள், நம் ஓசூர்ப் பக்கத்துக்காரர்கள் பிதுக்கம்பருப்பு என்பார்கள். யார் வீட்டுக் குழம்பு உசத்தி என்று ஒரு மணி நேரம் விவாதம் நடக்கும். கீரை ஆய்வது, பூத் தொடுப்பது, நவராத்திரிக்குப் பொம்மைகளைத் துடைத்து வைப்பது எல்லாம் இந்த வகைதான். யாருக்கோ உபயோகமாக ஒரு வேலை செய்கிறோம் என்ற உணர்வு தம்போலாவில் கிடைக்காது. கொலுப் படி அடுக்கும்போது ஸ்டூல்மேல் ஏறும் வேலையை மட்டும் இளைய ஊழியர்களிடம் விட்டுவிடுங்கள்.

கார்த்திகையில் பசவனகுடி கடலேகாய்ப் பரிஷைக்கு, அதாவது நிலக்கடலைத் திருவிழாவுக்கு, போக ஆசைப்படுவீர்கள். அந்த நெரிசலில் வாக்கர் வைத்திருப்பவர்கள் வேண்டாம். கடலையை வாங்கிவந்து ஹாலிலேயே உரித்துச் சாப்பிடலாம். ஆனால் விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், பார்க்கின்சன் முற்றியவர்கள், பல்செட் சரியாகப் பொருந்தாதவர்கள் முழுக் கடலையைச் சாப்பிடுவது ஆபத்து. புரையேறிவிடும். அவர்கள் உரிக்கட்டும். சாப்பிட வேறு மெத்தென்ற பலகாரம் கொடுங்கள்.

பல்லாங்குழி, தாயம், பரமபதம், கேரம், சீட்டு ஆகியவற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 75 வயது தாண்டிய 469 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003-இல் வந்தது. பலகை விளையாட்டு, வாசிப்பு, இசைக்கருவி, நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் வருவது குறைவாக இருந்தது. இவைதான் நோயைத் தடுத்தன என்று அந்த ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. மூளை நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம் விளையாட வருகிறார்கள் என்றும் இருக்கலாம். எப்படியானாலும் நஷ்டமில்லாத மருந்து. சீட்டில் மட்டும் காசு வைக்காதீர்கள். இந்த வயதில் பத்து ரூபாய்க்கு முறிந்த நட்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

வெளியே போவதென்றால் லால்பாக் போங்கள். மலர்க்கண்காட்சி நடக்கும் ஜனவரி, ஆகஸ்ட் வாரங்களைத் தவிர்த்து, சாதாரண வார நாளில் போனால் அமைதியாக இருக்கும். பாறைமேல் ஏற வேண்டாம், கண்ணாடி மாளிகைப் பக்கம் போதும். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்துக்கும் போய்வரலாம். எங்கே போனாலும் ஒருவர் முந்தின நாளே போய்க் கழிப்பறை எங்கே இருக்கிறது, எத்தனை படி என்று பார்த்துவரட்டும்.

ஹாலும் நேரமும்

நிர்வாகத்திடம் நீங்கள் கேட்க வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை. கைப்பிடி உள்ள, கனமான, கால்களில் ரப்பர் மாட்டிய நாற்காலிகள். ஓரம் சுருளும் பாய்களையும் சின்னத் தரைவிரிப்புகளையும் எடுத்துவிடுவது. மைக் ஒயரைச் சுவரோடு ஒட்டிப் போடுவது. பண்டிகை நாளில் கோலமாவும் எண்ணெயும் பூவிதழும் நடக்கும் வழியில் சிந்தாமல் பார்த்துக்கொள்வது. டைல்ஸ்மேல் கோலமாவு எப்படி வழுக்கும் என்று நமக்குத் தெரியும். சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு நடப்பது வேண்டாம், பின்பக்கம் பட்டை உள்ள செருப்பு வேண்டும். காது மந்தமானவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அதனால் பின்னணிப் பாட்டை நிறுத்திவிட்டுத்தான் பேச வேண்டும்.

காலை 10.30 மணி நல்ல நேரம். மார்கழிக் குளிரில் விடியற்காலை ஆறு மணிக்கு யோகா வேண்டாம். சாப்பிட்ட உடனேயும் வேண்டாம், வயதானவர்களில் பலருக்கு அப்போது ரத்த அழுத்தம் இறங்கும். 45 நிமிடம் போதும். நடுவில் ஒரு தடவை கழிப்பறைக்கு நேரம் விடுங்கள். அடக்கிவைத்து ஓடும்போது விழுபவர்கள் அதிகம். இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு வரக் கூடாது. வியர்த்து, கை நடுங்கி, தடுமாறினால் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

யோகா ஆசிரியரிடம் ஒரு வார்த்தை. எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் (ஆஸ்டியோபோரோசிஸ்) முன்னால் ஆழமாகக் குனியக் கூடாது, முதுகெலும்பு நொறுங்கலாம். கண்ணில் நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்குத் தலைகீழ் ஆசனங்கள் ஆகாது. மூச்சை அடக்கிப் பிடிப்பதும் வேகமான கபாலபாதியும் ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களுக்கு வேண்டாம்.

கடந்த ஒரு வருடத்தில் இரண்டு தடவை விழுந்தவர்கள், காரணம் தெரியாமல் மயங்கியவர்கள், சமீபத்தில் மாரடைப்போ அறுவை சிகிச்சையோ ஆனவர்கள், நடந்தால் நெஞ்சு வலிப்பவர்கள் தங்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுச் சேரட்டும். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மாத்திரைகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும். தூக்க மாத்திரையும் புராஸ்டேட் மாத்திரையும் பல சமயம் காரணமாக இருக்கும். ஆனால் அவரவரே நிறுத்திவிடக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் விழலாம். அதை நான் மறைக்க மாட்டேன். விழுந்தால் உடனே கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். இடுப்பில் வலியிருந்து, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் தலையில் அடிபட்டால், "ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்று அவரே சொன்னாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளே கசியும் ரத்தம் சில மணி நேரம் கழித்துத்தான் காட்டும்.

மறதி உள்ள மூன்று பேர்

பிரிக்க வேண்டாம், எல்லாவற்றிலும் ஒன்றாகவும் வைக்க வேண்டாம். விதிகள் வேகமாக மாறும் சீட்டாட்டத்தில் அவர்கள் திணறுவார்கள், மற்றவர்கள் எரிச்சல்படுவார்கள். பாட்டிலும், மொச்சை பிதுக்குவதிலும், பலூனிலும் யாருக்கு மறதி என்று வெளியாள் கண்டுபிடிக்கவே முடியாது. நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது மறந்தவருக்கு, 15 வயதில் கேட்ட பாட்டின் சரணம் முழுசாக வரும். அவர்களிடம் "ஞாபகம் இருக்கா, நான் யாரு சொல்லுங்க" என்று பரீட்சை வைப்பதை மட்டும் எல்லாரும் நிறுத்த வேண்டும். நீங்களே பெயரைச் சொல்லிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். நடுவில் எழுந்து வெளியே போகக்கூடியவர்கள் என்றால், கதவருகே ஓர் ஊழியர் இருக்கட்டும்.

அந்தப் படிவம்

நான் மருத்துவர், சட்ட ஆலோசனை தர எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டதால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் நினைப்பது தவறு என்று சொல்ல முடியும். மாதாமாதம் கட்டணம் கட்டிச் சேவை பெறுகிறீர்கள், அதனால் நீங்கள் நுகர்வோர். சேவையில் குறைபாடு, ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் இரண்டையும் பற்றி 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பேசுகிறது. வழுக்கும் தரையைச் சரிசெய்யாமல் விட்ட அலட்சியத்தை அந்த ஒரு படிவம் தானாகவே துடைத்துவிடாது. குடிவரும்போது போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். கட்டணத்தில் கூட்டு நிகழ்ச்சிகளும் அடக்கம் என்று இருந்தால், அவற்றை நிறுத்தியதே கேள்விக்குரியது. ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டி நெறிகளை மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்டது. அது சட்டம் இல்லை, ஆனால் பேச்சுவார்த்தையில் மேஜைமேல் வைக்கலாம். சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 எண்ணில் ஆலோசனை கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

ஆனால் இவையெல்லாம் கடைசிப் படி. அதே வளாகத்தில் காலம் தள்ள வேண்டியவர்கள் நீங்கள். நிர்வாகமும் பயந்துபோய்த்தான் நிறுத்தியிருக்கிறது. "மறுபடி ஆரம்பியுங்கள்" என்று சண்டைக்குப் போனால் பயம் கூடும். எட்டுப் பேர் சேர்ந்து, எல்லா மொழிக்காரர்களும் இருக்கும்படி, ஒரு பக்க மனு எழுதுங்கள்: எந்த விளையாட்டுகள் இனி இல்லை, எந்த நாற்காலிகள் வேண்டும், எந்த நேரம், பிசியோதெரபிஸ்ட் எந்த நாளில் கூட இருப்பார், விழுந்தால் யார் என்ன செய்வார். ஒரு மாதம் சோதனையாக, வாரம் மூன்று நாள். படிவத்துக்குப் பதிலாக, ஒவ்வொருவரின் நோய், மாத்திரை, அவசரத் தொடர்பு எண் அடங்கிய ஒரு தாளை ஹாலில் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். அது உங்களையும் காப்பாற்றும், அவர்களையும் காப்பாற்றும்.

உங்கள் கணவருக்கு

கை நடுங்குகிறது, காபி சிந்துகிறது, அதனால் வரமாட்டேன் என்கிறார். அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்கின்சனில் மனச்சோர்வும் ஒதுங்குதலும் நோயின் பகுதியாகவே வரும், அதை அவர் நரம்பியல் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்ற பதற்றத்தில் நடுக்கம் இன்னும் கூடும். அதனால் முதல் நாளே ஹாலுக்கு அழைக்காதீர்கள். அறையிலேயே ஒரு பல்லாங்குழிப் பலகை, புளியங்கொட்டைக்குப் பதில் பெரிய பொத்தான்கள். எதிரே விளையாட, வெளியே வராத அந்த மாமியை அழையுங்கள். வாக்கரோடு வரும் மாமி முன்னால் இவருக்கு என்ன கூச்சம்?

இன்னொன்று. அவர் 30 வருடம் சங்கீதக் கச்சேரி தவறவிடாதவர், தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்பார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது சிகிச்சைக்கே பயன்படும். பார்க்கின்சனில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றுபோகும்போது, வெளியிலிருந்து வரும் தாளம் அதை நகர்த்திவிடும். பிசியோதெரபிஸ்டுகள் இதற்குச் சீராகத் தட்டும் மெட்ரோனோம் கருவியை வைக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஆதி தாளமே இருக்கிறது. வேகத்தைப் பிசியோதெரபிஸ்ட் முடிவு செய்யட்டும், உங்கள் கணவர் சொல்கட்டு (தகதிமி போன்ற தாளச் சொற்கள்) சொல்லிக்கொண்டே நடக்கட்டும். உரக்கச் சொல்வதால் தேய்ந்துவரும் குரலுக்கும் நல்லது. நன்றாகப் பழகியபின், உட்கார்ந்து ஆடும் கும்மிக்குத் தாளம் போடும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரம் எது என்று ஒரு வாரம் குறித்துவைத்து, அந்த நேரத்தில் நிகழ்ச்சியை வையுங்கள்.

சாமராஜபேட்டையில் ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939 முதல் நடத்திவரும் ராமநவமிக் கச்சேரிகளுக்கு அவர் வருடா வருடம் போனதையும், போன வருடம் போகாததையும் எழுதியிருந்தீர்கள். இந்த வருடம் போகலாம். கூட்டம் சேருவதற்கு முன்னால் போய்ச் சேருங்கள், நடைபாதை ஓரத்தில் இருக்கை பிடியுங்கள், சக்கர நாற்காலியை வெட்கப்படாமல் எடுத்துப்போங்கள். சாயங்கால மாத்திரையைப் பையில் வையுங்கள். தனி ஆவர்த்தனம் முடிந்ததும், கூட்டம் கலைவதற்குள் கிளம்பிவிடுங்கள். மாமிக்கும் ஓர் இடம் பிடித்துவையுங்கள்.